டாக்டர் சீட்டைப் படிக்க கூகுள் லென்ஸ்: எங்கே உதவும், எங்கே கவிழ்க்கும்

கேமராவில் காட்டுவதைப் படித்துத் தேடித் தரும் கூகுள் லென்ஸ் இலவசம். ஐபோனில் கூகுள் செயலிக்குள்ளேயே இருக்கிறது. கையெழுத்தைப் படித்து நகலெடுத்துத் தரும் வசதி 2020 முதல் உண்டு. வகுப்புக் குறிப்பு, மளிகைப் பட்டியல் போன்றவற்றுக்குத் தாராளமாக நம்பலாம். மருந்துச்சீட்டிலும் பெரிய எழுத்தில் (கேப்பிட்டல்) தனித்தனியாக எழுதியிருந்தால் நன்றாகப் படிக்கும். கோழி கிளறியதுபோல் சேர்த்து எழுதிய சீட்டில்தான் சிக்கல். அங்கே அது தவறாகப் படித்தாலும், சரியாகப் படித்ததைப் போலவே அச்செழுத்தில் காட்டும்.

வேகமாக எழுதும்போது முதலில் சிதைவது சொல்லின் நடுப்பகுதி. ஐ, என், ஆர், எம், யூ ஆகிய ஆங்கிலச் சிற்றெழுத்துகள் ஒரே அலைக்கோடாகிவிடும். மிஞ்சுவது முதல் எழுத்து, மேலே நீளும் கோடுகள், சொல்லின் நீளம். மருந்துக்கடையில் பழகியவர் இவற்றை மட்டும் பார்ப்பதில்லை. லெட்டர்ஹெட்டில் உள்ள மருத்துவத்துறை, மி.கி. அளவு, எத்தனை வேளை, கூடவே எழுதிய மற்ற மாத்திரைகள், நோயாளியின் வயது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெயரை முடிவு செய்வார். ஒரே ஒரு வரியை லென்ஸிடம் காட்டும்போது இந்தத் துப்புகள் அத்தனையும் வெளியே நின்றுவிடுகின்றன.

நம் ஊரில் மிகவும் கவனிக்க வேண்டிய ஜோடி ஃபோலிட்ராக்ஸும் ஃபோல்வைட்டும். முதலாவது மெத்தோட்ரெக்சேட், மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறைதான் சாப்பிட வேண்டும். இரண்டாவது ஃபோலிக் அமிலம், வெறும் வைட்டமின். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதுவது வழக்கம். இரண்டிலும் 5 மி.கி. மாத்திரை உண்டு என்பதால் அளவை வைத்தும் பிரிக்க முடியாது. மாறிப்போய் மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து.

அளவு காட்டிக்கொடுக்கும் இடங்களும் உண்டு. 1995-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஐசோர்டில் என்ற நெஞ்சுவலி மருந்தை எழுதியதை, ப்ளெண்டில் என்ற ரத்த அழுத்த மருந்தாகப் படித்துக் கொடுத்தார்கள்: 20 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ப்ளெண்டிலின் உச்ச அளவே நாளொன்றுக்கு 10 மி.கி.தான். அந்த நோயாளி இறந்துபோனார். படித்த பெயருக்கும் எழுதிய அளவுக்கும் பொருந்தவில்லை என்றால், பெயரைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

பயன்படுத்துவதென்றால் சீட்டை மேசையில் மடிப்பு நீக்கி விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் படமெடுங்கள். நோயாளியின் பெயரும் போன் எண்ணும் இருக்கும் பகுதியைப் படத்தில் வராமல் மடித்துவிடுங்கள். கார்பன் நகல் வேண்டாம், மேல்தாளையே எடுங்கள். முதலில் முழுச் சீட்டு, பிறகு ஒவ்வொரு வரியாக. இரண்டு முறையும் ஒரே பெயர் வந்தால்தான் அடுத்த படி: அந்த மருந்து எதற்கு, எந்தெந்த மி.கி.யில் கிடைக்கிறது என்று தேடிப் பாருங்கள். திரையில் மாத்திரை அட்டையின் படம் வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. தவறான பெயருக்கும் அழகான அட்டைப் படம் வரும்.

எண்களை மட்டும் லென்ஸிடம் விடவே வேண்டாம். புள்ளி மங்கினால் .5 என்பது 5 ஆகும், 5.0 என்பது 50 ஆகும். இன்சுலினுக்கு 10 பக்கத்தில் யூனிட் என்பதற்காகப் போட்ட 'யூ' எழுத்து பூஜ்யமாகத் தெரிந்து 100 ஆகிவிடும். தைராய்டு மாத்திரை மைக்ரோகிராமில் வருவது; மி.கி. என்று படித்தால் ஆயிரம் மடங்கு. 'ஓ.டி.' என்றால் மாத்திரையில் தினம் ஒருவேளை. கண் மருத்துவர் சீட்டில் அதுவே வலது கண்.

எங்கள் மதிப்பீடு: பழைய சீட்டுகளை அடுக்கி வைத்து, இது என்ன மருந்தாக இருக்கும் என்று ஊகிக்க ஐந்துக்கு மூன்று. மாத்திரை வாங்கிச் சாப்பிட அதை நம்புவதற்குச் சுழியம். அதற்குச் சீட்டு எழுதிய மருத்துவமனைக்கே போன் செய்ய வேண்டும். இன்னும் எளிது, டாக்டரின் அறையை விட்டு எழுவதற்கு முன்பே மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் எதற்கு என்றும் ஒரு சொல் போடச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சம் வேண்டாம். மருந்தின் மூலப்பெயரை (கம்பெனி வைத்த பெயரல்ல, ஜெனரிக் பெயர்) தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இலேயே விதியைத் திருத்தியிருக்கிறது.