முழங்கால் தடி இருக்கிறது, முழங்காலால் ஓடாது: பழைய சிங்கர் வாங்குவோர் கவனிக்க

திருகோணமலையில் பழைய மின்சாரத் தையல் மெசின் தேடுகிறவர்கள், அதிலும் முழங்காலால் ஓட்டுகிற சிங்கர் தேடுகிறவர்கள், காசை எண்ணிக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை வாசியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்தாயிற்று, அது அதன் வழியில் போகட்டும். ஆனால் தில்லுமுல்லு எப்படி நடந்தது என்பதை மறைக்க வேண்டிய தேவை எனக்கில்லை.

மெசின் என் மாமிக்கு. உப்புவெளியில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீருடை அவர் கையால் தைத்ததுதான். அரசாங்கம் கொடுக்கும் வெள்ளைத் துணி வந்து சேர்ந்தால் வீட்டுத் திண்ணையில் நடக்க இடமிருக்காது. இத்தனை வருடமும் கால் மெசின்தான். சீனி வருத்தம் முற்றிய பிறகு இரண்டு பாதங்களிலும் உணர்வு போய்விட்டது. "பெடலில கால் கிடக்குதோ இல்லையோ என்டே தெரியுதில்லை பிள்ளை" என்பார். மிதிக்கும்போது சக்கரம் பின்பக்கம் சுற்றி நூல் அறும். சரி, மோட்டர் போட்டு மின்சாரப் பெடல் கொடுக்கலாம் என்றால் அது இன்னும் மோசம். பெடலின் வேகமே பாதம் எவ்வளவு அழுத்துகிறது என்பதில்தான் இருக்கிறது. உணர்வில்லாத பாதத்துக்கு அந்த நுணுக்கம் எட்டாது. பழைய பெடல்கள் கொஞ்ச நேரம் ஓடினாலே சூடேறும். கிளினிக்கில் முதலில் சொல்வதே காலுக்குச் சூடு படக்கூடாது என்பதைத்தான். முழங்காலுக்கு மேல் அவருக்கு ஒரு குறையுமில்லை. அதனால் முழங்கால் மெசின் தேடினோம்.

அப்படி ஒன்றைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். சிங்கர் 99 என்பது சிங்கர் 66 என்ற பெரிய மொடலின் முக்கால் அளவு மெசின். அதில் மின்சாரத்தில் ஓடும் ஒரு வகை, வளைத்த மரப்பலகை மூடியோடு வரும். அடிப்பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு துளை. வளைந்த இரும்புத் தடி ஒன்றை அதில் செருகினால் மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கும். வலது முழங்காலால் அதை வலப்பக்கம் தள்ள வேண்டும். தள்ளும்போது பெட்டிக்குள் இருக்கிற கன்ட்ரோலரின் பொத்தான் அழுந்தும். கன்ட்ரோலருக்குள் கரி வில்லைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அவை நெருங்க நெருங்க மின்தடை குறையும், மோட்டர் வேகமெடுக்கும். பழைய கால் பெடலுக்குள்ளும் பெரும்பாலும் இதே சங்கதிதான், அழுத்துவது மட்டும் பாதம். சிங்கர் மட்டும் செய்த வேலையுமில்லை இது. சுவிற்சர்லாந்தின் எல்னா 1940இல் கொண்டுவந்த பச்சை நிற மெசினும் முழங்கால் தடியால் ஓடுவதுதான்.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால், நல்ல பாதம் உள்ளவர்களுக்குப் பெடலே வசதி என்பேன். பெடலை இடம் மாற்றலாம், இடது காலாலும் மிதிக்கலாம். முழங்கால் தடிக்கு வலது கால்தான். மெசினை மேசையின் விளிம்பிலேயே வைக்க வேண்டும், முன்பக்கம் லாச்சி உள்ள மேசை சரிவராது. நெடுநேரம் தைத்தால் இடுப்பு உளையும். ஆனால் இரண்டு பாதமும் நிலத்தில் நிற்கும், சீமெந்துத் தரையில் பெடலைத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. மாமியைப் போன்றவர்களுக்கு இது வசதி என்ற கணக்கில் வராது. இது இருந்தால்தான் தையல்.

டவுணில் ஒரு கடையில் அந்த மெசின் இருந்தது. கறுப்பு நிறம், தங்கப் பூ அவ்வளவாக அழியவில்லை. கடைக்காரர் மாமியைக் கதிரையில் இருத்தி, தடியைச் செருகி, முழங்காலை வைத்துத் தள்ளச் சொன்னார். மெதுவாக, அழகாக ஓடியது. மாமியின் முகத்தைப் பார்த்ததுமே அவர் விலையை முடிவு செய்திருப்பார் என்று நினைக்கிறேன். 55,000 ரூபாய்.

கதைக்குப் பஞ்சமில்லை. "அம்மா, இது நேவித் துரையின்ட வீட்டு மெசின். அவங்கள் போகேக்க விட்டுட்டுப் போனது. இஞ்ச பாருங்கோ, 1851 என்டு போட்டிருக்கு." 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்தது உண்மை. அதைச் சொல்லித் திருகோணமலையில் எந்தப் பழைய பொருளையும் விற்கலாம். ஆனால் அந்தப் பித்தளை வில்லையில் நீல விளிம்புக்குள் இருந்தது 1851 மட்டுமல்ல, 1851-1951. சிங்கரின் நூற்றாண்டை ஒட்டி வந்த மெசின்களில் பதித்த வில்லை அது. அதைக் காட்டி நூற்றெழுபது வருட மெசின் என்று சொல்வது ஊர் ஊராக நடக்கும் பொய். 1851இல் சிங்கருக்கு ஏது மின்சார மோட்டர்?

மேசைக்கு அடியில் கனத்த பெட்டி ஒன்று லேசாக இரைந்துகொண்டு இருந்தது. மெசினின் வயர் அதற்குள்தான் போனது. என்ன அது என்று கேட்டேன். "அது கடை யூபிஎஸ் தங்கச்சி, கரண்ட் கூடிக் குறையுமே, அதுக்குத்தான்" என்றார். மெசினின் விளக்கில் பல்ப் இல்லை. "பியூஸ் போயிட்டுது, போட்டுத் தாறன்." மோட்டரின் பக்கத்தில் இருக்கும் தகட்டின் மேல் '230 வோல்ட்' என்று அச்சடித்த புதிய ஸ்டிக்கர். காசைக் கொடுத்தோம். எண்ணெய் விட்டு சேவிஸ் பண்ணி வீட்டுக்கே அனுப்புவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தது அதே மெசின்தான். தடியும் துளையில் இருந்தது. கூடவே கறுப்பு பிளாஸ்ரிக் பெடல் ஒன்று. மாமி முழங்காலால் தள்ளினார், தடி அசைந்தது, மெசின் அசையவில்லை. மெசினைச் சரித்து அடிப்பெட்டிக்குள் பார்த்தேன். கன்ட்ரோலர் இருந்த இடத்தில் நாலு ஆணித் துளை, அதைச் சுற்றித் தூசி படியாத சதுரம், அவ்வளவுதான். பழைய வயர்களை வெட்டிப் பெடலின் வயரோடு முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். அந்தக் காலத்து இறப்பர் உறை விரல் பட்டதும் பொரி மாதிரி உதிர்ந்தது. உள்ளே செம்பு வெறுமையாகத் தெரிந்தது.

போன் எடுத்தேன். "முழங்கால் சிஸ்டம் பழசு, ஆபத்து. உங்களுக்காகத்தான் புது மொடல் பெடல் ஃப்ரீயாப் போட்டுத் தந்தன்" என்று பதில். எதற்காக அந்த மெசினை வாங்கினோம் என்று கடையில் வைத்தே மாமி காலைக் காட்டிச் சொன்னவர். கடைக்காரருக்குத் தெரியாமல் நடந்த காரியமில்லை இது.

பெடலை நான் அழுத்திப் பார்த்தேன். கொஞ்சம் அழுத்தினால் ஓடுகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பேய் பிடித்ததுபோல் பறக்கிறது, மோட்டரில் கருகல் மணம். மெசின் தலையின் இரும்பில் கை பட்டதும் சுள்ளென்றது, அதே கணம் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. அது விழுந்ததால்தான் நான் இதை எழுதுகிறேன்.

ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் தகடு பளிச்சென்று இருந்தது: 110 வோல்ட். மெசினின் தொடர் இலக்கம் ஏகே என்று தொடங்கியது. அந்தக் காலத்தில் ஏ எழுத்தில் தொடங்கும் சிங்கர்கள் அமெரிக்காவில் செய்தவை, ஈ எழுத்தில் தொடங்குபவை ஸ்கொட்லாந்தின் கில்போவி தொழிற்சாலையில் செய்தவை. நேவித் துரையின் கதையும் அங்கேயே போயிற்று.

எல்லாம் பிறகு பொருந்தி வந்தது. மேசைக்கு அடியில் இரைந்த பெட்டி, 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்போமர். கடையில் மெசினுக்குச் சரியான மின்சாரம் போனது, மெசின் தங்கமாக ஓடியது. அந்தப் பெட்டியை எங்களோடு அனுப்பினால் அதன் விலை அவருக்கு நட்டம். அனுப்பாமல் பழைய கன்ட்ரோலரையும் விட்டுவைத்தால், எங்கள் வீட்டு 230 வோல்ட்டில் அன்றைக்கே எல்லாம் எரிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் கன்ட்ரோலரைப் பிடுங்கிவிட்டு மலிவான எலக்ட்ரோனிக் பெடல். அதைப் பாதி அழுத்தும்வரை மோட்டருக்குப் போகும் மின்சாரம் குறைவாக இருக்கும், சில நாள் சமாளிக்கும். முழுக்க அழுத்தினால் இரண்டு மடங்கு. பல்பைக் கழற்றி வைத்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன்: 110 வோல்ட் பல்ப் எங்கள் வீட்டில் சுவிட்ச் போட்ட உடனே வெடித்து அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும். பிடுங்கிய கன்ட்ரோலருக்கும் தனி விலை உண்டு, பழைய சிங்கர் பாகம் தேடுகிறவர்கள் நல்ல காசு கொடுப்பார்கள்.

இதையெல்லாம் நேரில் போய்ச் சொன்னபோது கடைக்காரர் பில்லைக் கேட்டார். பில்லில் 'தையல் மெசின் 1' என்று மட்டும்தான் இருந்தது. "இதில முழங்கால் என்டு எழுதியிருக்கோ?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கத் தொடங்கினார்.

ஆகவே, வாங்கப் போகிறவர்கள் தடியைப் பார்த்து மயங்க வேண்டாம். தடி ஒரு இரும்புத் துண்டு. பிளக்கைக் கழற்றி மெசினைச் சரிக்கச் சொல்லி, அடிப்பெட்டிக்குள் கன்ட்ரோலர் இருக்கிறதா, தடி அதன் பொத்தானில் முட்டுகிறதா என்று கண்ணால் பாருங்கள். மோட்டர் தகட்டின் மேல் ஸ்டிக்கர் இருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழும்பி வாருங்கள். மெசினின் வயர் நேராகச் சுவர் பிளக்கில் போக வேண்டும், நடுவில் எந்தப் பெட்டியும் கூடாது. பெட்டி இருந்தால் அதுவும் விலையில் சேர்த்தியா என்று கேளுங்கள். மெதுவாக மட்டும் ஓட்டிக் காட்டினால் போதாது, தடியை முழுவதும் தள்ளிக் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்லுங்கள், பிறகு மோட்டரைத் தொட்டுப் பாருங்கள். தடியை விட்டதும் மெசின் நிற்க வேண்டும். நிற்காமல் ஊர்ந்தாலும், இரைந்தாலும் கன்ட்ரோலருக்குள் கோளாறு.

110 வோல்ட் மெசின் என்பதற்காகவே ஒதுக்கத் தேவையில்லை. நல்ல மெசின்கள் அவை. தகட்டில் உள்ள ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வாட் வரும். எங்களுடையது 0.7 ஆம்பியர், அதாவது 77 வாட். விளக்குக்கு 15 சேர்த்தாலும் நூறைத் தாண்டாது. 200 வாட் டிரான்ஸ்போமர் ஒன்று தாராளம். செம்புக் கம்பி சுற்றிய, தூக்கினால் கை வலிக்கிற பெட்டியாக வாங்குங்கள். பயணிகளுக்கென்று விற்கும் சின்ன எலக்ட்ரோனிக் கன்வேர்ட்டர் வேண்டாம். முழங்கால் மெசினில் தைத்து முடித்ததும் பிளக்கைக் கழற்றித் தடியையும் எடுத்து வையுங்கள். போகிற வருகிற பிள்ளையின் கால் பட்டாலே ஊசி இறங்கத் தொடங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்மென்டில் வேலை செய்த பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "அக்கா, எங்கட மெசினிலயும் முழங்கால் இருக்கே" என்றாள். அது வேறு. தொழிற்சாலை மெசின்களில் முழங்கால் தடி அழுத்துகால் எனப்படும் துணியை அமுக்கும் காலைத் தூக்க மட்டும்தான், வேகம் அங்கே பாதத்தில்தான் இருக்கும். விளம்பரத்தில் 'முழங்கால் வசதி உண்டு' என்று இருந்தால், எதற்கு என்று கேளுங்கள்.

பில்லில் விபரமாக எழுதி வாங்குங்கள்: எந்த மொடல், எத்தனை வோல்ட், முழங்கால் கன்ட்ரோல் வேலை செய்யும் நிலையில். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுங்கள், தாமதிக்க வேண்டாம். 1977 என்ற இலக்கத்திலும் சொல்லலாம். நாங்கள் தகட்டின் படம், உரித்த ஸ்டிக்கர், வெட்டிய வயர் எல்லாவற்றையும் படமெடுத்துச் சேர்த்திருக்கிறோம். முறைப்பாடு போன செய்தி எட்டிய பிறகு கடையில் இருந்து, "பழைய சாமான் எங்கயோ கிடக்கும், தேடிப் பாக்கிறன்" என்று ஒரு போன் வந்தது. இன்னும் தேடுகிறார் போலும்.

மோட்டரை வேறொருவர் கழற்றிப் பார்த்தார். சுருள் தப்பிவிட்டது, கரித் துண்டுகளை மட்டும் மாற்றினால் போதும் என்றார். வயர் முழுவதையும் புதிதாகப் போட்டு, மூன்று கால் பிளக்கோடு எர்த்தும் கொடுத்தாயிற்று. டிரான்ஸ்போமரும் வந்துவிட்டது. குறைவது கன்ட்ரோலர் மட்டும்தான். சிங்கர் மேசைகளில் பொத்தான் வைத்த பழைய கால் கன்ட்ரோலரையே ஒரு பிடியில் மாட்டி முழங்கால் தடியால் அழுத்துகிற ஏற்பாடு உண்டு. ஆகவே அந்த வகைக் கால் பெடல் கிடைத்தாலும் அடிப்பெட்டிக்குள் பொருத்திவிடலாம் என்று அவர் சொல்கிறார். யாருடைய வீட்டிலாவது பரணில் அப்படி ஒன்று கிடந்தால், வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்கிறோம்.