பச்சை ஸ்க்ரப்பருக்கு பதிலா பீர்க்கங்காய் நார்: மூணு மாசம் தேய்ச்சு பாத்தாச்சு

பாத்திரம் தேய்க்கிற பச்சை நைலான் ஸ்க்ரப்பர் வாங்கி ஒரு மாசத்துல பாதியா இளைச்சு போச்சு, மீதி பாதி எங்க போச்சுன்னு பாத்தா சிங்க் ஜாலியில கொஞ்சம் பச்சை பச்சையா ஒட்டிக்கிட்டு இருக்கு, மிச்சமெல்லாம் சாக்கடைக்கு போயிருச்சு. 5 மில்லிமீட்டருக்கு கீழ இருந்தா அது மைக்ரோபிளாஸ்டிக். கழிவுநீர் சுத்திகரிக்கிற இடத்துல நிறைய மாட்டிக்கிட்டாலும் அந்த கசடு உரமா வயலுக்கு போனா மண்ணுல சேருது, தப்பிச்சது கடலுக்கு போய் மீன், மட்டி வயித்துக்குள்ள சேருது. மீன்லயாவது குடலை எடுத்துட்டு குழம்பு வைக்கிறோம், தண்ணிய வடிகட்டியே வாழுற மட்டிய முழுசா தானே சாப்பிடுறோம்?

மேஜிக் ஸ்பான்ஜுன்னு வெள்ளையா ஒண்ணு விக்கிறாங்க இல்ல, மெலமைன்ங்கிற ஒரு வகை பிளாஸ்டிக்ல செஞ்சது, அது இன்னும் மோசம். அது ஒரு கிராம் தேஞ்சா சுமார் 65 லட்சம் இழை உதிருதுன்னு 2024ல வந்த ஆய்வு சொல்லுது. அதை படிச்சுட்டு தான் 120 ரூபாய்க்கு மூணு பீர்க்கங்காய் நார் வாங்கினேன். அம்மா பாத்துட்டு "முத்திப்போச்சுன்னு தூக்கி போடுறதை காசு குடுத்தா வாங்கிட்டு வந்திருக்க"ன்னு சிரிச்சாங்க 😀

காய்ஞ்சு இருக்கும்போது கட்டை மாதிரி இருக்கும், ரெண்டு நிமிஷம் தண்ணில போட்டா பஞ்சு மாதிரி ஆயிரும். தட்டு, டம்ளர், நான்ஸ்டிக் எல்லாம் கீறல் இல்லாம சூப்பரா தேயுது, இட்லி தட்டு குழிக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா பால் அடிபிடிச்ச பாத்திரத்துகிட்ட இதோட பாச்சா பலிக்காது, ராத்திரி பூரா ஊற வச்சு கரண்டியால சுரண்டி தான் எடுத்தேன். தேய்ச்சு முடிச்சதும் பிழிஞ்சு ஜன்னல்ல தொங்க விடணும், ரெண்டு நாள் மழையில மறந்துட்டேன், ஒண்ணு கறுத்து நாத்தம் அடிச்சுருச்சு. மத்தது ரெண்டும் ஆளுக்கு அஞ்சு வாரம் போல உழைச்சுது, அப்புறம் வெட்டி செடி தொட்டியில போட்டுட்டேன்.

அப்படி வெட்டும்போது தான் கடுப்பாச்சு. நார் மக்கும் சரி, ஓரத்துல சுத்தி தைச்சிருக்கிற நூலை நெருப்புல காட்டினா உருகி உருண்டையாகுது, அதாவது பிளாஸ்டிக் நூல்! பேக்கிங்கும் பிளாஸ்டிக் கவர் தான், மேல "100% இயற்கை"ன்னு ஸ்டிக்கர் வேற. கடைக்காரர்கிட்ட கேட்டா "வர்றதே அப்படி தான் சார்"ங்கிறார்.

நாருக்கு 5க்கு 4, அந்த பாக்கெட்டுக்கு 2. திரும்ப அங்க வாங்க போறதில்ல, ஊர்ல சித்திகிட்ட கொடியில நாலு காயை பறிக்காம முத்த விடுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.