முகக்கவசத்தை யார் வாங்கியிருக்க வேண்டும்: வாஷிங்டனா, மாநிலங்களா?

2020-ஆம் ஆண்டு கொரோனாவின் முதல் அலையில், அமெரிக்காவின் இல்லினாய் மாநில அரசு அதிகாரி ஒருவர் ஏறத்தாழ 35 லட்சம் டாலருக்கான காசோலையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஐ-55 நெடுஞ்சாலையில் விரைந்து கார் ஓட்டிச் சென்றார். சீனாவில் இருந்த 15 லட்சம் என்-95 முகக்கவசங்களுக்கு இடைத்தரகர் ஒருவர் மூலம் விலை பேசி முடித்திருந்தார்கள். அன்றைக்குள் பணம் வங்கிக்குப் போய்ச் சேராவிட்டால் சரக்கு வேறொருவருக்குப் போய்விடும் என்று தகவல் வந்திருந்தது. நெடுஞ்சாலையோரம் இருந்த மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் காசோலை கைமாறியது. ஒன்றேகால் கோடி மக்கள் வாழும் ஒரு மாநிலம், தன் மருத்துவர்களையும் செவிலியர்களையும் காக்கும் பொருளை வாங்கிய விதம் அது.

அந்த அதிகாரியின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரை அந்தச் சாலைக்கு அனுப்பிய ஏற்பாட்டில்தான் குறை இருக்கிறது. கூட்டாட்சி நாட்டில் பெருந்தொற்று வரும்போது அவசரப் பொருள்களை வாங்கிச் சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. நாட்டின் மைய அரசே மொத்தமாக வாங்கி மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது ஒன்று. ஒவ்வொரு மாநிலமும் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்வது மற்றொன்று. 2020-இல் அமெரிக்காவும் 2021-இல் இந்தியாவும் இந்த இரண்டையும் மனித உயிர்களின் மேல் சோதித்துப் பார்த்துவிட்டன. ஆகவே இனி இதை வெறும் கருத்து விவாதமாக நடத்த வேண்டியதில்லை. நடந்ததை வைத்தே அலசலாம்.

சட்டமும் ஒரு வாக்கியமும்

சட்டப்படி பார்த்தால் இரு தரப்புக்கும் பிடி இருக்கிறது. அமெரிக்க அரசமைப்பின் பத்தாவது திருத்தத்தின் வழியே பொதுச் சுகாதாரம் பெரும்பாலும் மாநிலங்களின் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் எல்லை தாண்டிய வணிகம், கடன் வாங்கும் வலிமை, தொழிற்சாலைகளுக்கு ஆணையிட வழிசெய்யும் 1950-ஆம் ஆண்டின் பாதுகாப்பு உற்பத்திச் சட்டம் ஆகியவை வாஷிங்டன் கையில் உள்ளன. இவற்றோடு, 1999-இல் தொடங்கப்பட்டு 2003 முதல் ஸ்ட்ராட்டஜிக் நேஷனல் ஸ்டாக்பைல் என்று அழைக்கப்படும் தேசியக் கையிருப்பும் இருக்கிறது. நெருக்கடி நாளில் மாநிலங்கள் கேட்டால் மருந்தும் கருவியும் அங்கிருந்து வரும் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள்.

2020 மார்ச் 16 அன்று அதிபர் டிரம்ப், சுவாசக் கருவிகளை நீங்களே வாங்க முயலுங்கள் என்று ஆளுநர்களிடம் கூறினார். (அங்கே ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர்.) கூட்டாட்சி அரசு சரக்கு அனுப்பும் குமாஸ்தா அல்ல என்று மூன்று நாள் கழித்துச் சொன்னார். ஏப்ரல் 2 அன்று அவருடைய மருமகனும் ஆலோசகருமான ஜாரெட் குஷ்னர், அது எங்கள் கையிருப்பு, மாநிலங்கள் எடுத்துப் பயன்படுத்துவதற்கான கையிருப்பு அல்ல என்ற பொருளில் பேசினார். அதுவரை, மாநிலங்கள் உதவி கேட்கும்போது உரிய மருந்துகளும் பொருள்களும் மிகவும் தேவைப்படுவோரைச் சென்றடைய இந்தக் கையிருப்பு வழிசெய்யும் என்று அரசு இணையதளத்தில் எழுதப்பட்டிருந்தது. மறுநாள் அந்த வாக்கியம், மாநிலங்களின் இருப்புக்குத் துணையாக நிற்பதே இதன் பங்கு என்று மாற்றப்பட்டது. மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த வாரத்தில் பொறுப்பின் இலக்கணமே மாற்றி எழுதப்பட்டது. மாநிலங்களே தங்கள் தேவையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் கொள்கை என்றால், பத்தாண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சேமித்து வைக்க அவகாசமாவது கிடைத்திருக்கும்.

மாநிலமே வாங்கினால்

மாநிலக் கொள்முதலுக்குச் சாதகமான வாதம் வலுவானது. அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை, எந்த மாவட்டத்தில் எத்தனை நாளுக்குக் கையுறை இருப்பு என்பதெல்லாம் அருகில் இருப்பவருக்குத்தான் தெரியும். மேரிலாந்து ஆளுநர் லாரி ஹோகன், கொரியாவில் பிறந்த தம் மனைவியின் உதவியோடு தென் கொரிய நிறுவனம் ஒன்றிடம் பேசி, 5 லட்சம் பரிசோதனைகளுக்கான உபகரணங்களை ஏப்ரல் 18 அன்று விமானத்தில் தருவித்தார். மாசசூசெட்ஸ் ஆளுநர் சார்லி பேக்கர், ஒரு கால்பந்து அணியின் சொந்த விமானத்தைச் சீனாவின் ஷென்ஜென் நகருக்கு அனுப்பிச் சுமார் 12 லட்சம் முகக்கவசங்களைக் கொண்டுவந்தார். அதில் 3 லட்சத்தை நியூயார்க்குக்கும் கொடுத்தார். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தால் இவை அந்த வேகத்தில் நடந்திருக்காது.

ஆனால் இந்த இரண்டு கதைகளுக்கும் மறுபக்கம் உண்டு. பேக்கர் விமானம் அனுப்பியதற்குக் காரணம், அதற்கு முன் தம் மாநிலம் வாங்கிய 30 லட்சம் முகக்கவசங்களை நியூயார்க் துறைமுகத்தில் கூட்டாட்சி அதிகாரிகள் பறித்துக்கொண்டதாக அவர் கூறியதுதான். அதைப் பார்த்திருந்த ஹோகன், தமக்கு வந்த உபகரணங்களை வெளியே சொல்லாத ஓர் இடத்தில் மாநிலத் தேசியக் காவல் படையின் காவலோடு வைத்தார். பிறகு அந்த முதல் தொகுப்பே பயன்படுத்த முடியாததாக இருந்து, கூடுதலாகச் சுமார் 25 லட்சம் டாலர் கொடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. அயல்நாட்டுச் சரக்கின் தரத்தை அவசரத்தில் சோதித்தறியும் ஏற்பாடு ஒரு மாநிலத்திடம் எப்படி இருக்கும்?

விலையைப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு வென்டிலேட்டருக்காக ஐம்பது மாநிலங்களும் ஒன்றோடொன்று ஏலம் கேட்பது ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் இருப்பது போலிருக்கிறது என்று நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ கூமோ மார்ச் 31 அன்று குமுறினார். அந்த ஏலத்தில் கூட்டாட்சிப் பேரிடர் அமைப்பான ஃபீமாவும் வந்து சேர்ந்து விலையை மேலும் ஏற்றியதையும் சுட்டிக்காட்டினார். விற்பவர் சிலராகவும் வாங்குபவர் பலராகவும் இருக்கும் சந்தையில், வாங்குபவர்கள் பிரிந்து நின்றால் விற்பவர் சொன்னதே விலை. 85 சென்ட்டுக்கு விற்ற முகக்கவசம் 7 டாலர் வரை போனதாக அவர் சொன்ன கணக்கு அதைத்தான் காட்டுகிறது. எட்டு மடங்கு விலை கொடுக்க முடியாத சிறிய மாநிலமும் கிராமப்புற மருத்துவமனையும் அந்த ஏலத்தில் வாயே திறக்க முடியாது. நோய் முற்றிய இடத்துக்குப் போக வேண்டிய சரக்கு, பணம் முந்திய இடத்துக்குப் போகும். என்னை இந்தத் தெரிவிலிருந்து விலக்கும் முதன்மையான காரணம் இதுதான்.

மைய அரசே வாங்கினால்

மைய அரசின் பலம் பணம் மட்டுமல்ல. இல்லாத பொருளை உண்டாக்கச் சொல்லும் அதிகாரம் அதனிடம்தான் உண்டு. பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தின்படி மார்ச் 27 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஆணையிடப்பட்டது. 30,000 வென்டிலேட்டர்களுக்குச் சுமார் 49 கோடி டாலர் என்று ஒப்பந்தமாகி, ஒரு கார் நிறுவனம் சில மாதங்களில் அவற்றைச் செய்து கொடுத்தது. கருவி ஒன்றுக்கு 16,000 டாலரைச் சற்றே தாண்டிய விலை. கூமோ சொன்ன ஏல விலையோ 25,000-இல் தொடங்கி 40,000 டாலரையும் கடந்திருந்தது. கருவிகளின் வகை வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் பேரம் பேசும் வலிமையின் வேறுபாடு மறைக்க முடியாதது. எந்த ஆளுநராலும் ஒரு கார் தொழிற்சாலையை வென்டிலேட்டர் செய்யப் பணிக்க முடிந்திருக்காது.

அதற்காக வாஷிங்டன் கிடங்கை நன்றாக வைத்திருந்தது என்று பொருளல்ல. 2009-ஆம் ஆண்டின் எச்1என்1 தொற்றின்போது கையிருப்பிலிருந்து 8 கோடிக்கும் மேற்பட்ட என்-95 முகக்கவசங்கள் வெளியே சென்றன. அவை ஈடு செய்யப்படவே இல்லை. பெருந்தொற்று முற்றினால் ஓராண்டில் 350 கோடி முகக்கவசங்கள் தேவைப்படும் என்ற மதிப்பீட்டுக்கு எதிரே, 2020 தொடக்கத்தில் கைவசம் இருந்தது ஒரு சதவீதம் அளவுக்குத்தான். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துபோனதால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வென்டிலேட்டர்கள் பயன்படுத்த முடியாத நிலையில் இருந்தன. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) வந்த ஏறத்தாழ 6,000 முகக்கவசங்களைப் பிரித்துப் பார்த்தபோது அவை மக்கிப்போயிருந்தன, 2010-இலேயே காலாவதியானவை. மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். வாங்கி அடுக்குவது ஒரு நாள் வேலை. முதலில் காலாவதியாவதை முதலில் வெளியே அனுப்பி, அந்த இடத்தைப் புதிதாக நிரப்புவதுதான் ஆண்டு முழுவதும் ஓயாத வேலை. நாள்தோறும் நோயாளியைப் பார்க்காத கிடங்கில் அந்தச் சுழற்சி நின்றுவிடும்.

பங்கீட்டிலும் சிக்கல் உண்டு. யாருக்கு எவ்வளவு என்பதை மைய அரசு தீர்மானிக்கும்போது, அந்தக் கணக்கு வெளிப்படையாக இல்லாவிட்டால் ஐயம் பிறக்கும். 2021 ஏப்ரல் இறுதியில், ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் திரவ ஆக்சிஜனில் 80 டன் ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் திருப்பிவிடப்பட்டதை எதிர்த்துத் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அண்டை மாநிலத்து நோயாளியின் மூச்சும் மூச்சுதான். ஆனால் சொந்த மாநிலத்தின் தேவை ஏறிக்கொண்டிருக்கும்போது, எந்த அளவுகோலில் பிரிக்கிறார்கள் என்று கேட்பது ஒரு முதலமைச்சரின் கடமை. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் ஆக்சிஜன் பங்கீட்டுக்கு அறிவியல் முறை வகுக்க 12 பேர் கொண்ட தேசியப் பணிக்குழுவை அமைத்ததே, அந்த அளவுகோல் போதுமானதாக இல்லை என்பதற்குச் சான்று.

இந்தியா இரண்டையும் செய்து பார்த்தது

தடுப்பூசி விஷயத்தில் ஆறே மாதங்களில் நாம் இரு கரையையும் தொட்டுத் திரும்பினோம். 2021 ஜனவரி 16 முதல் ஏப்ரல் வரை ஒன்றிய அரசே வாங்கியது. ஏப்ரலில் அதற்கு ஒரு தவணையின் விலை 150 ரூபாய். மே 1 முதல் உற்பத்தியில் பாதி ஒன்றிய அரசுக்கு என்றும், மீதி மாநிலங்களுக்கும் தனியாருக்கும் என்றும் மாறியது. அதே கோவிஷீல்டு மாநிலத்துக்கு 300 ரூபாய், அதே கோவாக்சின் 400 ரூபாய். ஒரே நாடு, ஒரே குப்பி, வாங்குபவரைப் பொறுத்து விலை வேறு.

தமிழ்நாடு அந்த மே மாதத்தில் மூன்றரைக் கோடித் தவணைகளுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியது. கேட்டது சாதாரண அமைப்பு அல்ல. மருந்துக் கொள்முதலில் கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஆனால் ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. இந்திய அரசுடன் மட்டுமே பேசுவோம் என்று மாடர்னா பஞ்சாபுக்குப் பதில் சொல்லிவிட்டது. திறமைக் குறைவால் வந்த தோல்வி அல்ல இது. அந்தச் சந்தையில் மாநிலத்துக்கு நாற்காலியே போடப்படவில்லை. 18 முதல் 44 வயது வரையுள்ளோர் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு மேலோட்டமான பார்வையிலேயே தன்னிச்சையானதாகவும் பகுத்தறிவுக்கு ஒவ்வாததாகவும் தெரிகிறது என்று உச்ச நீதிமன்றம் கூறிய சில நாள்களில், ஜூன் 7 அன்று பிரதமர் பழைய முறைக்குத் திரும்புவதாக அறிவித்தார்; ஜூன் 21 முதல் 75 சதவீதத்தை ஒன்றிய அரசே வாங்கியது. இடையில் போனது, இரண்டாம் அலையின் ஏழு வாரங்கள்.

என் தேர்வு

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றும் முளைத்தது. 2020 மே 3 அன்று நியூயார்க், நியூஜெர்சி உள்ளிட்ட வடகிழக்கின் ஏழு மாநிலங்கள் கூட்டாகக் கொள்முதல் செய்ய முடிவெடுத்தன. அதற்கு முன்பே, ஏப்ரல் தொடக்கத்தில் ஆரிகன் தன்னிடமிருந்து 140 வென்டிலேட்டர்களை நியூயார்க்குக்கு அனுப்பியது. கலிஃபோர்னியா 500 கருவிகளைத் தேசியக் கையிருப்புக்குக் கடனாகக் கொடுத்தது. போற்றத்தக்கவைதான். ஆனால் நல்லெண்ணத்தை நம்பி ஓர் ஆக்சிஜன் குழாயை இழுக்க முடியாது. எல்லா மாநிலங்களிலும் ஒரே வாரத்தில் அலை வந்திருந்தால் கடன் கொடுக்க யாரிடமும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஆகவே விற்பவர் குறைந்த சந்தையில் வாங்க வேண்டியது மைய அரசுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பொருள் இருக்க வேண்டிய இடம் மாநிலத்தின் கிடங்கு. 1994-இல் அமைக்கப்பட்ட நம் மருத்துவப் பணிகள் கழகத்தின் முறையே இதற்கு நல்ல முன்மாதிரி. மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் விலை பேசப்படுகிறது. சரக்கு மாவட்டக் கிடங்குகளில் இறங்குகிறது. மாதிரி எடுத்து ஆய்வகத்தில் தேறிய பிறகே வெளியே போகிறது. ஒவ்வோர் அரசு மருத்துவமனையிடமும் ஒரு பாஸ்புக் இருக்கிறது, அதில் எழுதப்பட்ட தொகைக்குள் தனக்கு வேண்டியதை அது எடுத்துக்கொள்கிறது. வாங்குபவர் ஒருவர், எடுப்பவர் பலர். எவ்வளவு எடுக்கலாம் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கிறது. அதே பாஸ்புக்கை மைய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே வைத்தால், கையிருப்பு யாருடையது என்று நெருக்கடி வாரத்தில் வாக்கியம் திருத்த வேண்டிய தேவை எழாது. நாள்தோறும் இயங்கும் மருத்துவமனைகள் அந்தக் கிடங்கிலிருந்தே எடுப்பதால் சரக்கும் மக்காமல் சுழன்றுகொண்டிருக்கும்.

கிடங்கு மாநிலத்திடம் இருக்கட்டும் என்று சொல்லும்போதே, ஆண்டுப் பராமரிப்புச் செலவை மைய அரசு ஏற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அமெரிக்காவில் அநேகமாக எல்லா மாநிலங்களும் வரவுக்குள் செலவை அடக்கியாக வேண்டியவை. நெருக்கடி இல்லாத ஆண்டில் முதலில் வெட்டு விழுவது கண்ணுக்குத் தெரியாத கிடங்கின் மீதுதான். கலிஃபோர்னியாவில் 2006-இல் ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் 20 கோடிக்கும் மேற்பட்ட டாலர் செலவில் 5 கோடி என்-95 முகக்கவசங்கள், 2,400 வென்டிலேட்டர்கள், தலா 200 படுக்கைகள் கொண்ட மூன்று நடமாடும் மருத்துவமனைகள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தார். 2011-இன் நிதிப் பற்றாக்குறையில் அவற்றைப் பராமரிக்கும் பணம் நிறுத்தப்பட்டது; மிச்சமானது ஆண்டுக்கு அதிகபட்சம் 58 லட்சம் டாலர். முகக்கவசங்கள் காலாவதியாயின, புதியவை வாங்கப்படவில்லை. 2020 ஏப்ரலில் அதே மாநிலம் முகக்கவசங்களுக்காகச் சீன நிறுவனமான பிஒய்டி-யுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 99 கோடி டாலர்.