சிறுவிடையா, வனராஜாவா: என் தோப்பில் தேறியது எது

தென்னந்தோப்பில் திறந்துவிட்டு மேய்க்க எந்தக் கோழி வாங்கலாம் என்று என்னைக் கேட்டால் சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழியான சிறுவிடைதான். ஆனால் அதை வாங்குவதில்தான் நான் நன்றாக ஏமாந்தேன்.

முதலில் 20 வனராஜா குஞ்சு இறக்கினேன். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கியது, பார்க்கவும் கலர் கலராக நாட்டுக்கோழி மாதிரியே இருக்கும். வளர்ச்சியில் குறை சொல்ல மாட்டேன், சேவல்கள் நாலே மாதத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டன. ஆனால் அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடும்? கீரி வந்தால் சிறுவிடை வேலிமேல் ஏறி நின்று ஊரையே கூட்டும், வனராஜா நின்ற இடத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கும். அடைக்கும் உட்காராது, அதனால் ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குக் காசு கொடுக்க வேண்டும். பெரிய உடம்புள்ள நாட்டுக்கோழியான பெருவிடை நன்றாக மேயும்தான், ஆனால் இரண்டு சேவல் இருந்தால் தினமும் பஞ்சாயத்து.

சிறுவிடைக்கு நான் சாயங்காலம் ஒரு கை கம்பு போடுவதோடு சரி. விடிந்ததும் குப்பைமேட்டைக் கிளறப் போனால் பொழுது சாய்ந்துதான் பஞ்சாரத்துக்கு வரும். எப்போதாவது பானையில் ஈரச் சாக்கும் சாணியும் அடைத்துக் கவிழ்த்துவைத்தால் மறுநாள் கரையான் விருந்து. முட்டை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு தடவைக்கு 12, 15 இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும், 21 நாளில் குஞ்சோடு எழுந்து வரும். எனக்கு அது லாபக் கணக்கு. முட்டை விற்கத்தான் கோழி என்றால் கிராமப்பிரியா என்கிற முட்டைக்கோழி ரகத்தின் பக்கம் போங்கள்.

இப்போது ஏமாந்த கதை. ஒரு பொரிப்பகத்தில் ‘ஒரிஜினல் சிறுவிடை’ என்று 30 குஞ்சு கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் பாதி குஞ்சு தொடை பெருத்துக் கலப்பினம் என்று காட்டிக்கொடுத்தது. மீதியாவது தேறும் என்று பார்த்தால், இன்குபேட்டரில் பொரித்தவை, பருந்தைப் பார்த்துப் பதுங்கச் சொல்லித்தரத் தாய் இல்லை, வெட்டவெளியில் நின்றே போய்ச் சேர்ந்தன.

அதிலிருந்து தாயும் குஞ்சுமாகத்தான் வாங்குகிறேன், அதுவும் அந்தக் கோழி மேய்வதை நேரில் பார்த்த பிறகு. வீட்டிலேயே பொரிக்கிற குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி, இதில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது. விலை கூடத்தான். போன தை மாதம் ஒன்பது குஞ்சோடு ஒரு செவலைக் கோழி வாங்கினேன், பருந்து இதுவரை ஒன்றைத்தான் தூக்கியிருக்கிறது.