மோல்வியூவா, அவோகாட்ரோவா? சைக்ளோஹெக்சேன் நடத்த எது தேவலை

பி.எஸ்சி. மாணவர்களுக்கு ஸ்டீரியோகெமிஸ்ட்ரி (மூலக்கூறுகளின் முப்பரிமாண அமைப்பு) எடுப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் மூலக்கூறு மென்பொருள்களில் மோல்வியூ, அவோகாட்ரோ இரண்டும் முக்கியமானவை. இரண்டையும் வகுப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் அவோகாட்ரோ பக்கம் சாய்ந்துவிட்டேன்.

மோல்வியூவுக்கு செல்பேசியில் பிரவுசர் இருந்தால் போதும். பெயரைத் தட்டினால் மூலக்கூறு வந்து நிற்கும். வரைந்ததை ஒரே கிளிக்கில் முப்பரிமாணமாக்கும். அசிட்டோனில் எலக்ட்ரான் எந்தப் பக்கம் குவிகிறது என்று வண்ணத்தில் காட்ட இன்றும் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் ஆறு கார்பன் வளையமான சைக்ளோஹெக்சேனைக் கேட்டால் அதன் ஆற்றல் மிகக் குறைந்த நாற்காலி வடிவத்தைத் தயாராகத் தந்துவிடுகிறது. ஏன் நாற்காலி என்ற கேள்விக்கே இடமில்லை.

அவோகாட்ரோவை ஒவ்வொரு கணினியிலும் நிறுவ வேண்டும். அதன்பின் லேபில் நெட் படுத்துக்கொண்டாலும் கவலையில்லை. வளையத்தை மாணவர்களே கார்பன் கார்பனாகக் கட்ட வேண்டும். ஆற்றல் குறையும்படி வடிவத்தைத் தானே திருத்தும் ஆட்டோ ஆப்டிமைசேஷனை ஓடவிட்டால் கோணல்மாணலாக வரைந்தது நெளிந்து நெளிந்து சீராகும். திரையில் ஆற்றல் எண் இறங்கிக்கொண்டே வரும். என் தேர்வைத் தீர்மானித்தது அந்த எண்தான்.

அடுத்தடுத்த கணினிகளில் அதே சைக்ளோஹெக்சேன். ஆனால் ஒன்றில் எண் மோலுக்கு 20 கிலோஜூலுக்கு மேல் கூடுதலாக நின்றுவிடும். "சார், எனக்கு மட்டும் ஏன் இறங்கல?" அவன் வளையம் முறுக்குப் படகு என்ற இன்னொரு வடிவத்தில் மாட்டியிருக்கிறது, அருகிலிருந்த ஆற்றல் பள்ளத்தில் விழுந்தது, நாற்காலிக்குப் போக நடுவில் ஒரு மேடு ஏற வேண்டும். ஒரு கார்பனை மவுஸால் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தால் வளையம் புரண்டு நாற்காலியாகும், எண்ணும் சரியும். வளையத்தின் வடிவம் மாற மாற ஆற்றல் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் கன்ஃபர்மேஷன் வரைபடத்தைப் போர்டில் போட இதைவிட நல்ல நேரம் கிடையாது. அடுத்து வளையத்தில் ஒரு மெத்தில் தொகுதியை ஆக்சியலில் (மேலோ கீழோ செங்குத்தாக) ஒருமுறை, ஈக்குவடோரியலில் (பக்கவாட்டில்) ஒருமுறை வைக்கச் சொல்வேன். சோதனையில் அளந்த வித்தியாசம் மோலுக்குச் சுமார் 7 கிலோஜூல். அவர்களுக்குக் கிடைப்பதும் அதை ஒட்டியே இருக்கும். ஆக்சியல் மெத்திலை அதே பக்கத்து 1,3 ஹைட்ரஜன்கள் நெருக்குவதைச் சுற்றிப் பார்த்து, காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

எல்லோரும் எம்எம்எஃப்எஃப்94 விசைப்புலத்தையே (ஆற்றலைக் கணக்கிடும் சூத்திரத் தொகுப்பு) வைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஆளுக்கொன்று வைத்தால் எண்களை ஒப்பிட முடியாது. வேறு வாய்பாடு உள்ள மூலக்கூறுகளையும் இப்படி ஒப்பிடக் கூடாது.

ஒரு கார்பனைச் சுற்றியுள்ள தொகுதிகளின் அமைப்பைக் குறிக்கும் ஆர், எஸ் சொல்லித்தர இரண்டும் வேண்டாம், பிளாஸ்டிக் கிட் போதும்.

ஒரு பிணைப்பு முறியும்போதே இன்னொன்று உருவாகும் எஸ்என்2 வினைக்கு அவோகாட்ரோவின் இந்த வித்தை உதவாது. இந்த விசைப்புலக் கணக்கில் பிணைப்பு முறியாது. ஸ்பார்டன் போன்ற கட்டண மென்பொருளில் வினையின் உச்ச ஆற்றல் நிலையை (டிரான்சிஷன் ஸ்டேட்) கணக்கிட்டுக் காட்டலாம். அதை வைத்து நான் வகுப்பெடுத்ததில்லை. காசுக்குத் தகுமா என்பதை எடுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.