தமிழில் பேசிய மெடிகேர் முகவரும் 7,412 டாலர் பில்லும்

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அக்டோபர் வருவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். மருத்துவமனையிடமிருந்து நேற்று எங்களுக்கு இறுதி அறிவிப்பு வந்தது. 7,412 டாலரைக் கட்டாவிட்டால் கணக்கை வசூல் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுவார்களாம். காப்பீடு இல்லாதவர்களுக்கு வந்த பில் அல்ல இது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில், மருத்துவர் செலவுக்கான பார்ட் பி பகுதிக்காக, 2025-க்கான கட்டணமாக மாதம் 185 டாலர் என் கணவரின் ஓய்வூதியத்திலிருந்து தவறாமல் பிடிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே வந்திருக்கிறது.

அவருக்கு வயது 68. அரசே பில்லைக் கட்டும் நேரடி மெடிகேர், அது கொடுக்காமல் விடும் 20 சதவீதத்தை ஏற்கும் தனியார் துணைக் காப்பீடான மெடிகேப் 'ஜி' பாலிசி, மருந்துகளுக்குத் தனியே பார்ட் டி என்று 65 வயதிலேயே எடுத்து வைத்திருந்தோம். எந்த இதய மருத்துவரிடம் போனாலும் கேள்வி இருந்ததில்லை. மெடிகேப் பிரீமியம் மட்டும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான், 2024 நவம்பரில், நியூஜெர்சியில் நம்மவர்களிடையே வியாபாரம் செய்யும் சிறிய காப்பீட்டு முகவர் நிலையம் ஒன்றிலிருந்து அந்த மனிதர் வந்தார். மெடிகேரிடம் கொடுத்த புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

நன்றாகத் தமிழ் பேசினார். என்னை அக்கா என்றும் கணவரை சார் என்றும் அழைத்தார். நேரடி மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனம் நடத்தும், மாதப் பிரீமியம் இல்லாத அட்வான்டேஜ் திட்டத்துக்கு மாறினால் மெடிகேப்புக்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகும், பல்லுக்கும் கண்ணாடிக்கும் தனிச் சலுகை உண்டு என்றார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் இதய மருத்துவர் அதில் இருக்கிறாரா? உடனே தன் டேப்லெட்டில் மருத்துவரின் பெயரைத் தட்டி, திரையை எங்கள் பக்கம் திருப்பி, பெயருக்கு நேரே இருந்த பச்சை அடையாளத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "இதோ பாருங்க அக்கா, உங்க டாக்டர் இருக்கார். எதுவுமே மாறப்போறதில்ல, பழைய கார்டையே காட்டுங்க" என்றார். அதே திரையில் என் கணவர் விரலால் கையெழுத்திட்டார்.

அந்தப் பச்சை அடையாளம் அதே நிறுவனத்தின் பிபிஓ திட்டத்துக்கு (பட்டியலுக்கு வெளியே இருக்கும் மருத்துவரிடமும் கூடுதல் செலவில் போக விடும் வகை) உரியது என்பதும், அவர் எங்களைச் சேர்த்துவிட்டது எச்எம்ஓ திட்டத்தில் என்பதும் பிறகுதான் தெரிந்தது. நிறுவனம் ஒன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் மருத்துவர் பட்டியல் வேறு. எச்எம்ஓ திட்டத்தில், அவசர சிகிச்சை போன்ற சில விலக்குகளைத் தவிர, பட்டியலுக்கு வெளியே இருக்கும் மருத்துவரிடம் போனால் திட்டம் ஒரு காசும் தராது.

பிப்ரவரியில் கணவருக்கு இதயப் பரிசோதனைகளும் ஆஞ்சியோகிராமும் நடந்தன. பழைய கார்டைக் காட்டியதால் பில் நேரடி மெடிகேருக்குப் போயிற்று. இவர் இப்போது எங்களிடம் இல்லை என்று அங்கே மறுத்துவிட்டார்கள். புதிய திட்டமோ, பட்டியலில் இல்லாத மருத்துவர் என்று கைவிரித்தது. மொத்தம் 7,412 டாலர்.

அந்த முகவரை அழைத்தேன். மருத்துவமனை தவறான குறியீடு போட்டிருக்கிறது, சிஸ்டம் சரியாகிவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றார். அது மார்ச் மாதம். அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்கள் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை ஒருமுறை மாறிக்கொள்ளலாம் என்பது அவருக்கு நிச்சயம் தெரியும்; அந்தக் கெடு தாண்டும்வரை இழுத்தடித்தார். ஏப்ரலில் கேட்டபோது, ஆண்டுதோறும் திட்டம் மாற்றும் காலம் தொடங்கும் அக்டோபர் 15-க்குப் பிறகுதான் இனி எதுவும் செய்ய முடியும் என்றார். அதன்பின் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும், பதில் வராது. அலுவலகத்துக்கு அழைத்தால், அவர் இப்போது வேறு பிரிவைப் பார்க்கிறார் என்று ஒரு பெண் சொல்லி வைத்துவிடுவார்.

அக்டோபர்வரை வழியில்லை என்பதும் பொய். ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு நிதியில் நடக்கும் ஷிப் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. மெடிகேப்பை விட்டுவிட்டு முதன்முறையாக அட்வான்டேஜில் சேர்ந்தவர் 12 மாதங்களுக்குள் திரும்பினால், பழைய நிறுவனம் அதே பாலிசியை இன்னும் விற்றுக்கொண்டிருக்கும்பட்சத்தில், உடல்நிலையைக் காரணம் காட்டாமல் அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதியை அங்கிருந்த ஆலோசகர்தான் எடுத்துச் சொன்னார். இந்த உரிமை காலாவதியாகியிருந்தால், இதய நோயாளியான இவருக்கு நியூஜெர்சியில் மெடிகேப் தர எந்த நிறுவனமும் கட்டுப்பட்டதல்ல. இப்படியே இழுத்தடித்து அதையும் பறித்திருப்பார் அந்தத் தம்பி! நியூஜெர்சியில் ஒருவரைப் புதிதாக அட்வான்டேஜில் சேர்த்தால் 2025-க்கு 780 டாலர் வரை கமிஷன் கொடுக்கலாம் என்று இருந்தது. அவருக்கு 780, எங்களுக்கு 7,412.

பழைய பாலிசி திரும்பக் கிடைத்துவிட்டது. பணம் கிடைக்கவில்லை, திட்டத்திடம் செய்த மேல்முறையீட்டையும் நிராகரித்துவிட்டார்கள்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், கோபத்தில் ஓடவில்லை. முகவர் காட்டும் திரையை நம்பாதீர்கள். திட்டத்தின் முழுப் பெயரையும் எண்ணையும் எழுதி வாங்கி, மருத்துவரின் பில் பிரிவிலேயே கேளுங்கள். மெடிகேப்பை ரத்து செய்வதற்கு முன் ஷிப்பிடம் பேசுங்கள். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை இப்படிப்பட்டவர்கள் வீடு தேடி வருவார்கள். அன்றே கையெழுத்துக் கேட்டால் அனுப்பிவிடுங்கள். புகார் செய்ய 1-800-மெடிகேர் எண் உண்டு. இப்போதைக்கு இவ்வளவுதான், 7,412 டாலரைத் தவணையில் கட்ட விடுவார்களா என்று மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும்.