ரேஸிங் ஷூ, கையுறை: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கார் ஓட்ட முதலில் ரேஸிங் ஷூவை வாங்குங்கள், கையுறை அப்புறம். ஓடுவதற்கான ஷூவில் தடித்த ஃபோம் இருக்கும். பிரேக்கை மிதித்தால் முதலில் அமுங்குவது அந்த ஃபோம்தான். பெடல் என்ன சொல்கிறது என்று காலுக்குத் தெரியாது. அடிப்பாகம் அகலமாக இருந்தால் பிரேக்கோடு ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து மிதிபடும்.

ரேஸிங் ஷூவின் அடிப்பாகம் மெல்லியது, குதிகால் பின்புறம் உருண்டு மேலேறியிருக்கும். குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தைப் பெடல் மாற்ற அது தோதானது. கியர் குறைக்கும்போது முன்பாதத்தால் பிரேக்கை அழுத்தியபடியே, பாதத்தின் வலது ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டலாம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பெட்ரோல் பங்க்கில் நடக்காதீர்கள். ஒட்டிய எண்ணெய் பெடலில் வழுக்கும், ரப்பரும் சீக்கிரம் தேயும்.

கையுறையில் உள்ளங்கையைப் பாருங்கள். வழவழப்பான தோல், அல்கான்டாரா (ஸ்வேட் போன்ற செயற்கைத் துணி) சுற்றிய ஸ்டியரிங்கில் வழுக்கும்; ஸ்வேட், அதாவது சொரசொரப்பான மெல்லிய தோல், நன்றாகப் பிடிக்கும். விரல் நுனியில் துணி மிஞ்சினால் ஒரு அளவு குறையுங்கள். தையல் வெளிப்புறம் இருப்பது நல்லது, உள்ளே இருந்தால் நகக்கண்ணில் உறுத்தும். வியர்வையில் நனைந்ததை வெயிலில் போட்டால் அப்பளமாக விறைத்துவிடும். நிழலில் காய வையுங்கள்.

பந்தயத்துக்கென்றால் எஃப்ஐஏ (சர்வதேச கார் பந்தய அமைப்பு) 8856-2018 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; அது தீத்தடுப்புக்கான தரம். ரேஸ் ஷூ மாதிரி தைத்த ஃபேஷன் ஷூக்களில் அது இருக்காது. ஈசிஆரில் ஞாயிறு காலை ஓட்டத்துக்கு ஷூ மட்டும் போதும், கையுறை வெறும் பந்தா.